பிக்பூல் த பினே: வெயில் நிலத்தில் விளையும் ஒரு புளிப்பு ஒயின்

பிரான்ஸின் தெற்கே, மத்தியதரைக் கடலை ஒட்டி நீளும் லாங்குதொக் வட்டாரம் பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்கே பெயர் பெற்றது. அங்கே எரோ மாவட்டத்தில், பெசியே நகருக்கும் மொன்பெலியே நகருக்கும் இடைப்பட்ட கடலோரத்தில், தோ என்னும் பெரிய உப்புநீர்க் காயல் இருக்கிறது. அந்தக் காயலுக்கு மேற்கிலும் வடமேற்கிலும் மெல்ல உயர்ந்து செல்லும் நிலத்தில் பினே, மேஸ், பொமெரோல், ஃப்ளோரன்ஸாக், மொந்தாஞாக், காஸ்தெல்நோ த கேர் என ஆறு ஊர்கள் உள்ளன. இந்த ஆறு ஊர்களின் எல்லைக்குள், பிக்பூல் என்னும் ஒரே வெள்ளைத் திராட்சையைக் கொண்டு ஆக்கப்படும் ஒயினே பிக்பூல் த பினே. இந்தப் பெயரில் சிவப்பு ஒயினும் கிடையாது, இளஞ்சிவப்பு ஒயினும் கிடையாது.

ஒயினைப் புதிதாக அறிய வருபவருக்கு இந்த அளவுக்கு உதவும் ஒயின்கள் குறைவு என்பது என் எண்ணம். பிரான்ஸின் பெயர்பெற்ற ஒயின் வட்டாரங்களான பர்கண்டியிலோ போர்தோவிலோ தொடங்கினால், ஊர்ப்பெயர்களும் தோட்டப்பெயர்களும் தரவரிசைகளும் விலைகளும் சேர்ந்து தொடக்கத்திலேயே ஆளைக் களைக்க வைத்துவிடும். இங்கே திராட்சை ஒன்று, நிலப்பகுதி சிறியது, ஆக்கும் முறை ஏறத்தாழ எல்லாரிடமும் ஒன்று, விலையும் பிரான்ஸில் ஒரு சாதாரணக் குடும்பம் வார நாளில் வாங்கக்கூடிய அளவில் இருக்கிறது. மாறிக்கொண்டே இருக்கும் விஷயங்கள் இவ்வளவு குறைவாக இருப்பதால், ஒயினின் சுவையில் உள்ள ஒரு கூறைத் தனியே பிரித்துக் கவனிக்க முடிகிறது. அந்தக் கூறு புளிப்பு. இந்த ஒயின் ஏன் இந்த இடத்தில் விளைகிறது, ஏன் இப்படி ஆக்கப்படுகிறது, எதோடு சேர்த்து உண்ணப்படுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அந்தப் புளிப்பில்தான் இருக்கிறது.

பெயரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. பிரெஞ்சு ஒயின்களின் முகப்புச் சீட்டில் பெரும்பாலும் ஊரின் பெயரோ வட்டாரத்தின் பெயரோ மட்டுமே இருக்கும். உள்ளே இருப்பது எந்தத் திராட்சை என்பதை வாங்குபவர்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சப்ளி என்று எழுதியிருந்தால் அது ஷார்தொனே திராட்சை என்றும், சான்செர் வெள்ளை என்றால் சோவினியோன் பிளாங்க் என்றும் நாமே அறிந்துகொள்ள வேண்டியதாகிறது. பிக்பூல் த பினே அந்த வழக்கத்துக்கு விலக்கு. திராட்சையும் ஊரும் பெயரிலேயே இருக்கின்றன.

புளிப்பு எங்கிருந்து வருகிறது

திராட்சைப் பழத்தில் முதன்மையாக இரண்டு அமிலங்கள் உள்ளன. ஒன்று டார்டாரிக் அமிலம். நம் சமையலறைப் புளியின் புளிப்புக்கும் இதுவே காரணம். மற்றொன்று மாலிக் அமிலம். பச்சை ஆப்பிளைக் கடித்தவுடன் பல் கூசுவது இதனால்தான். காயாக இருக்கும்போது திராட்சையில் இவ்விரண்டும் மிகுந்திருக்கும். பழம் கனியக் கனியச் சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. இதில் டார்டாரிக் அமிலம் ஓரளவு நிலைத்து நிற்கும். மாலிக் அமிலத்தையோ பழம் தன் சுவாசத்துக்கு எரிபொருளாகச் செலவிட்டுவிடும். வெப்பம் கூடினால், குறிப்பாக இரவுகளும் வெப்பமாக இருந்தால், இந்தச் செலவு இன்னும் விரைவாகும். ஜெர்மனி போன்ற குளிர்ந்த நாடுகளின் வெள்ளை ஒயின்கள் கூர்மையாகவும், வெப்ப நிலங்களின் வெள்ளை ஒயின்கள் பெரும்பாலும் தடிப்பாகவும் மந்தமாகவும் அமைவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

லாங்குதொக் கடற்கரையில் கோடை நீண்டது, மழை குறைவு, வடமேற்கிலிருந்து வீசும் திரமோந்தான் என்னும் வறண்ட காற்று இலைகளை உலர்த்திக்கொண்டே இருக்கும். கணக்குப்படி பார்த்தால், புளிப்பு மிக்க வெள்ளை ஒயின் அங்கே விளையவே கூடாது. பிக்பூல் கொடி அந்தக் கணக்கை மீறுகிறது. அது தாமதமாகக் கனியும் வகை. கனிந்த பிறகும் தன் அமிலத்தை எளிதில் இழப்பதில்லை. பகலில் காயலிலிருந்தும் கடலிலிருந்தும் வீசும் ஈரக்காற்று தோட்டங்களின் வெப்பத்தைச் சற்றுத் தணிக்கிறது என்பதும், சுண்ணாம்பும் களிமண்ணும் மணலும் கலந்த நிலம் கோடையில் கொடியை முற்றாக வாடவிடாமல் காக்கிறது என்பதும் உண்மைதான். ஆயினும் முதல் பெருமை திராட்சை வகையையே சேரும். அதே நிலத்தில் வேறு வெள்ளை வகைகளை நட்டு, அதே நாளில் பறித்தால், அவற்றின் ஒயினில் இத்தகைய கூர்மை இருக்காது.

புதிதாகக் குடிப்பவர்கள் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கிண்ணத்தை முகர்ந்தால் எலுமிச்சை, பேரிக்காய், வெண்பீச் போன்ற பழங்களின் மணம் எழும். உடனே அந்த ஒயின் இனிக்கும் என்று மனம் முடிவு செய்துவிடும். மணத்துக்கும் சர்க்கரைக்கும் தொடர்பில்லை. நொதித்தலின்போது ஈஸ்ட் நுண்ணுயிர் பழச்சாற்றின் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஏறத்தாழ எல்லாச் சர்க்கரையும் தீர்ந்த ஒயினைப் பிரெஞ்சில் செக் என்றும் ஆங்கிலத்தில் ட்ரை என்றும் குறிப்பர். ஐரோப்பிய விதிகளின் பொது அளவின்படி அதில் எஞ்சும் சர்க்கரை லிட்டருக்கு 4 கிராமைத் தாண்டக்கூடாது. பிக்பூல் த பினே இவ்வகையைச் சேர்ந்தது. ஆகவே இதில் இனிப்பைத் தேடுபவர் ஏமாறுவார்.

புளிப்பைக் கண்டுகொள்ள எளிய வழி, ஒரு மிடறு விழுங்கிய பிறகு வாயைக் கவனிப்பது. நாக்கின் இரு ஓரங்களிலும் உமிழ்நீர் ஊறிப் பெருகினால் அமிலம் மிகுந்திருக்கிறது என்று பொருள். ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுத்தால் அது டானின் என்னும் துவர்ப்பு. திராட்சைத் தோலும் விதையும் ஊறுவதால் சிவப்பு ஒயினில் வருவது அது. தொண்டையில் சூடு பரவினால் அது ஆல்கஹால். பிக்பூலில் முதலாவது மிகத் தெளிவாகவும், இரண்டாவது இல்லவே இல்லை என்னும்படியும், மூன்றாவது மிதமாகவும் இருக்கும். ஆல்கஹால் பொதுவாக 12 முதல் 13.5 விழுக்காடு.

அழியாமல் தப்பிய கொடி

இந்தத் திராட்சை லாங்குதொக்கில் பல நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது. ஆனாலும் அது எப்போதும் மதிப்போடு நடத்தப்பட்டதாகச் சொல்ல முடியாது. 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஃபிலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி தென்பிரான்ஸின் தோட்டங்களை அழித்தது. அதன் பின்னர், பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டி மறுபடியும் நட்டபோது, விளைச்சலை அள்ளித் தரும் அராமோன் போன்ற வகைகளையே உழவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். பிக்பூலோ சாம்பல் நோய்க்கு எளிதில் இரையாவது; விளைச்சலும் அவற்றோடு போட்டியிடும் அளவுக்கு இல்லை. தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு அன்றாடம் தேவைப்பட்ட மலிவான சிவப்பு ஒயினைத் தயாரிக்கும் பெரும் பண்ணையாக லாங்குதொக் மாறிப்போனது.

அந்தப் போக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்பது பிரெஞ்சு வரலாற்றில் பதிவாகியுள்ளது. மிகை விளைச்சலாலும், சர்க்கரை நீரைக் கலந்து செய்த போலி ஒயின்களாலும் விலை சரிந்து, 1907-இல் தெற்கத்தி ஒயின் உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டு ஜூன் 9 அன்று மொன்பெலியே நகரில் லட்சக்கணக்கானோர் திரண்டனர். அதே மாத இறுதியில் கலப்படத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. பெசியே அருகே மரோசான் என்னும் ஊரில் 1901-இலேயே தொடங்கியிருந்த கூட்டுறவு முயற்சி, இந்த நெருக்கடிக்குப் பிறகு வட்டாரமெங்கும் பரவியது. இன்றும் பிக்பூல் த பினேயின் பெரும்பகுதியை ஆக்குபவை பினே, பொமெரோல், ஃப்ளோரன்ஸாக் முதலிய ஊர்களின் கூட்டுறவுச் சங்கங்களே. தனிப்பண்ணைகள் அவற்றுக்கு அடுத்த நிலையில்தான் வருகின்றன. கூட்டுறவு ஒயின் என்றாலே தரம் தாழ்ந்தது என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. இந்த ஒயினைப் பொறுத்தவரை அது பொருந்தாது. வேகமும் குளிர்ச்சியும் சுத்தமுமே இதன் தரத்தைத் தீர்மானிக்கின்றன, அம்மூன்றுக்கும் வேண்டிய கருவிகள் கூட்டுறவுச் சங்கங்களிடம் நன்றாகவே உள்ளன.

பிக்பூலைக் காப்பாற்றியதில் வெர்முத் தொழிலுக்கும் பங்கு உண்டு. வெர்முத் என்பது மூலிகைகளை ஊறவைத்து, ஆல்கஹால் சேர்த்து வலுவூட்டிய ஒயின். தோ காயலின் தென்மேற்கு முனையில் உள்ள மார்செயான் ஊரில் செய்யப்படும் நுவாயி ப்ரா வெர்முத்துக்குப் பிக்பூலும் கிளேரெத்தும் அடிப்படைத் திராட்சைகள். ஓக் பீப்பாய்களில் நிரப்பிய ஒயினை வெயிலிலும் காற்றிலும் மழையிலும் திறந்த முற்றத்தில் ஓராண்டளவு கிடத்திவைப்பது அவர்கள் வழக்கம். அத்தனை கொடுமையையும் தாங்கி நிற்க ஒயினுக்குப் புளிப்பு வேண்டும். பிக்பூல் அதற்குத் தோதாக அமைந்தது.

ஒயினாகவே மதிப்புப் பெற்றது பின்னால்தான். 1985-இல் கொத்தோ த்யூ லாங்குதொக் என்ற பெரிய பெயர்க்காப்புக்குள் பிக்பூல் த பினே ஓர் உட்பிரிவாக ஏற்கப்பட்டது. 2013-இல் தனக்கென்றே தனிப் பெயர்க்காப்பைப் பெற்றது. பிரெஞ்சில் ஆப்பெலாசியோன் எனப்படும் இந்த ஏற்பாடு நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் பட்டுக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் தரப்படும் புவிசார் குறியீடு இதே இனத்தைச் சேர்ந்ததுதான். பிரெஞ்சு விதிகள் இன்னும் நுணுக்கமானவை. எந்த நிலத்தில் நடலாம், எந்த வகையை நடலாம், ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு விளைவிக்கலாம் என்பது வரை அவை கட்டுப்படுத்துகின்றன. இடையில் 1995-இல், இவ்வூர்களின் ஆக்குநர்கள் தங்களுக்கென்று ஒரு பொதுப் புட்டியையும் வடிவமைத்துக்கொண்டார்கள். உயர்ந்து ஒடுங்கிய பச்சைப் புட்டி. கண்ணாடியிலேயே லாங்குதொக்கின் சிலுவைச் சின்னமும் அலைக்கோடுகளும் புடைத்திருக்கும். கடலின் கடவுள் பெயரால் அதற்கு நெப்டியூன் என்று பெயரிட்டிருக்கிறார்கள். கடை அலமாரியில் தொலைவிலிருந்தே இதை அடையாளம் காணலாம்.

ஆக்கும் முறை

ஆக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழம் பெரும்பாலும் செப்டம்பரில், வெயில் ஏறுவதற்கு முன், பல தோட்டங்களில் நள்ளிரவுக்குப் பிறகு எந்திரம் கொண்டு பறிக்கப்படுகிறது. பழம் சூடேறினால் சாறு நிறம் மங்கி, மணமும் கெடும் என்பதே காரணம். மெதுவாகப் பிழிந்து, சாற்றின் கசடைப் படியவிட்டு, துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளில் 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையான குளிர்ச்சியில் நொதிக்க விடுகிறார்கள். வெப்பம் மிகுந்தால் நொதித்தல் விரைந்து முடியும்; ஆனால் மென்மையான மணங்கள் காற்றோடு போய்விடும்.

இதன் பிறகு வரும் முடிவுதான் முக்கியமானது. பெரும்பாலான சிவப்பு ஒயின்களிலும், பர்கண்டி போன்ற சில இடங்களின் வெள்ளை ஒயின்களிலும், நொதித்தல் முடிந்த பின்னர் ஒருவகை பாக்டீரியா மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்ற இடம் தருவார்கள். லாக்டிக் என்பது தயிரில் உள்ள அமிலம். அதன் புளிப்பு மட்டானது. ஒயின் வழவழப்பாகி, வெண்ணெய் மணமும் சேரும். பிக்பூல் ஆக்குநர்களோ பொதுவாக இந்த மாற்றத்தைக் குளிர்ச்சியாலும் சிறிதளவு கந்தக டை ஆக்சைடாலும் தடுத்துவிடுகிறார்கள். வெயில் நாட்டில் அரிதாகக் கிடைத்த புளிப்பை மட்டாக்கிவிட்டால் அந்த ஒயினில் மிஞ்சுவது அதிகமில்லை. ஓக் பீப்பாயையும் இதே காரணத்தால் பெரும்பாலோர் பயன்படுத்துவதில்லை. ஈஸ்ட் வண்டலோடு சில மாதங்கள் வைத்து, ஒயினுக்குச் சற்றே உடல்கட்டு, அதாவது வாயில் உணரும் கனம், சேர்ப்பவர்கள் உண்டு; அவை பெரும்பாலும் கொஞ்சம் விலை கூடிய புட்டிகள், மீன் குழம்பு வகைகளுக்குச் சாதாரணப் புட்டியைவிட நன்றாக ஈடுகொடுப்பவை.

சுவையைப் பற்றிச் சொல்வதானால், வெளிறிய மஞ்சளில் மெல்லிய பச்சைச் சாயல், எலுமிச்சை, பச்சை ஆப்பிள், சில நேரம் வெண்ணிறப் பூக்கள், விழுங்கிய பின் நாவில் உப்புக் கரித்தது போன்ற ஒரு முடிவு. அந்த உப்புச் சாயலைக் கடலின் கொடை என்று விற்பனைத் தாள்கள் எழுதுகின்றன. நிலத்திலுள்ள பாறையின் சுவையோ காயலின் உப்போ வேர் வழியே ஏறி நேராகப் பழத்துக்குள் வந்துவிடுவதில்லை. இனிப்பு அறவே இல்லாமல் புளிப்பு ஓங்கியிருக்கும் ஒயினை நம் நாக்கு அப்படி உணர்கிறது என்று கொள்வதே பொருத்தம். இந்த ஒயினில் ஆழமான மணங்களையோ நீண்ட சிக்கலையோ எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனியாக வைத்துக்கொண்டு மாலை முழுக்க ஆராய்வதற்கான ஒயின் இதுவன்று. தட்டில் ஏதாவது இருக்கும்போதுதான் இது தன் வேலையைச் செய்யும்.

எதோடு உண்பது

பொரித்த மீனின் மேல் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகிறதோ, அதையே பிக்பூல் வாய்க்குள் செய்கிறது. அமிலம் எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கிறது. உப்பு ஒயினின் புளிப்பை நாவுக்கு மட்டுப்படுத்தி, அதன் பழமணத்தை முன்னே கொண்டுவருகிறது. உமிழ்நீர் ஊறி அடுத்த கவளத்துக்கு வாய் தயாராகிறது. ஆகவே உப்பும், கொழுப்பும், கடல்வாசமும் உள்ள எதுவும் இதற்கு இணையாகும்.

அந்த ஊர்க்காரர்கள் முதலில் சொல்வது சிப்பியை. தோ காயலில், பூசிக் ஊரின் பெயரால் அறியப்படும் ஆய்ஸ்டர் சிப்பிகளும் மட்டிகளும் பெருமளவில் வளர்க்கப்படுகின்றன. திராட்சைத் தோட்டத்தின் மேட்டில் நின்றால் கீழே சிப்பி வளர்ப்புச் சட்டங்கள் வரிசை வரிசையாகத் தெரியும். அட்லாண்டிக் கரையில் ஓதநீர் வடிந்ததும் ஆழமற்ற இடத்தில் இறங்கிச் சிப்பிப் பைகளைக் கவனிப்பார்கள். மத்தியதரைக் கடலில் ஓதம் மிகச் சிறிது என்பதால் அது இங்கே இயலாது. காயலுக்குள் கம்பங்களை ஊன்றி, மேலே சட்டங்கள் பூட்டி, அவற்றிலிருந்து கயிறுகளைத் தொங்கவிடுகிறார்கள். இளஞ்சிப்பிகளைச் சிறிதளவு சிமென்ட் வைத்துக் கயிற்றில் ஒட்டிவிடுகிறார்கள். எப்போதும் நீருக்குள்ளேயே கிடப்பதால் அவை இடைவிடாமல் இரை தின்று அட்லாண்டிக் சிப்பிகளைவிட விரைவில் வளர்கின்றன. காயல் ஆழமற்றது என்பதால் ஆபத்தும் உண்டு. கடுங்கோடையில் நீரில் உயிர்வளி தீர்ந்துபோகும் நிலையை அங்கே மலைக் என்பார்கள். 2018 கோடையில் அப்படி நேர்ந்தபோது சிப்பிகளும் மட்டிகளும் பெருமளவில் மடிந்தன.

பச்சைச் சிப்பியில் உப்பும், பாலாடை போன்ற வழவழப்பும், இரும்பு கலந்த கடல் மணமும் ஒருங்கே இருக்கின்றன. மூன்றுக்கும் பிக்பூலின் புளிப்பு ஈடாகிறது. பாரிஸ் உணவகங்களில் சிப்பியோடு தரப்படும் வெங்காயமும் வினிகரும் கலந்த சாற்றை இந்த ஒயினோடு தவிர்ப்பது நல்லது. வினிகரின் புளிப்பு ஒயினின் புளிப்பை முந்தினால் ஒயின் தண்ணீராகத் தோன்றும். உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பைத் தாண்டக்கூடாது என்பது எல்லா ஒயினுக்கும் பொருந்தும் விதி. பிக்பூலின் புளிப்பு உயர்ந்து இருப்பதால், தக்காளி சேர்ந்த உணவுக்குக்கூட இது தளராது.

சிவப்பு ஒயின் கடலுணவோடு ஏன் ஒத்துப்போவதில்லை என்று கேட்பவர்களுக்கு வழக்கமாகத் துவர்ப்பைக் காரணமாகச் சொல்வார்கள். 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இதில் வேறொரு காரணத்தையும் காட்டியது. ஒயினில் கரைந்துள்ள இரும்பு மிகுந்திருந்தால், அது கடலுணவின் கொழுப்போடு வினைபுரிந்து, குடித்த பிறகு வாயில் மீன்வாடையை எழுப்புகிறது என்று அவர்கள் கண்டறிந்தார்கள். இரும்பு குறைந்த சிவப்பு ஒயினால் அந்த வாடை எழவில்லை. இரும்பு மிகுந்த வெள்ளை ஒயினாக இருந்தாலும் எழக்கூடும். நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்றாலும், நடைமுறையில் வெள்ளை ஒயினே பாதுகாப்பான தேர்வு.

சிப்பியைப் பச்சையாக உண்ண மனம் ஒப்பாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தக் கரையின் சமைத்த உணவுகளில்தான் என் விருப்பமும் இருக்கிறது. காயலுக்கும் கடலுக்கும் நடுவே அமைந்த செத் துறைமுகத்தின் பெயர்போன பண்டம் தியெல்: பேய்க்கணவாய் எனப்படும் ஆக்டோபஸை நறுக்கி, தக்காளியிலும் மிளகாயிலும் வேகவைத்து, ரொட்டி மாவால் மூடிச் சுட்ட வட்டப் பணியாரம். இத்தாலியின் கயேத்தா ஊரிலிருந்து குடியேறிய மீனவர்கள் கொண்டுவந்தது அது. எண்ணெய் ஊறிய அந்த மாவுக்கும் லேசான காரத்துக்கும் குளிர்ந்த பிக்பூல் மிகப் பொருத்தம். ஓட்டுக்கணவாயைத் தக்காளிச் சாற்றில் சமைத்து, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் முட்டை மஞ்சளும் சேர்த்துக் கடைந்த ஆயோலியை இறுதியில் கலக்கும் ரூய் த செஷ் என்பதும் செத் நகரின் உணவே. ஆயோலி கொழுப்பு மிகுந்தது. அதை அறுக்கக்கூடிய ஒயின் வேண்டும்.

வட்டாரத்தின் இன்னொரு வழக்கம் ப்ராசுகாத். திராட்சைக் கொடிகளைக் கழித்த சுள்ளிகளைக் கொளுத்தி, அந்தத் தணலின் மேல் அகன்ற தகட்டில் மட்டிகளைக் கொட்டி, வாய் திறந்ததும் எண்ணெயும் பூண்டும் மூலிகையும் கலந்த சாற்றைத் தெளித்து, கூட்டமாக நின்று கையாலேயே எடுத்து உண்பார்கள். தணலில் வாட்டிய மத்தி மீன், முழுதாகச் சுட்ட தோராத் மீன், பொரித்த நெத்திலி, பூண்டில் வதக்கிய இறால் ஆகியவையும் நன்றாகச் சேரும். உப்பிட்டு உலர்த்திய காட் மீனை ஊறவைத்து, ஆலிவ் எண்ணெயும் பாலும் விட்டு மசிக்கும் நீம் நகரத்து ப்ராந்தாத் என்னும் உணவையும் மறக்கக் கூடாது. கருவாட்டுப் பிரியர்களுக்கு அது உடனே பிடித்துப்போகும்.

மீன் உண்ணாதவர்களுக்கும் வழியிருக்கிறது. ஆலிவ் காய்களை அரைத்துச் செய்யும் தப்பநாத் தடவிய ரொட்டி, உப்பிட்ட பாதாம், எண்ணெயில் பொரித்த கத்தரிக்காய், எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. லாங்குதொக்கின் உள்நாட்டு மலைப்பகுதியான செவென் தரும் பெலார்தோன் என்னும் சிறு வட்டக் கட்டி இதற்கு இயல்பான துணை. ஆட்டுப்பாலின் புளிப்பும் ஒயினின் புளிப்பும் ஒன்றையொன்று தணித்துக்கொள்ளும்.

பொருந்தாதவை எவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வறுத்த மாட்டிறைச்சிக்கும் வேட்டை இறைச்சிக்கும் இதன் உடல் போதாது. ரோக்ஃபோர் போன்ற நீலப்பூஞ்சைப் பாலாடைக்கட்டி இதை அமுக்கிவிடும். இனிப்புப் பண்டத்தோடு குடித்தால் ஒயின் வெறும் காடியாகத் தோன்றும். அந்த இடத்துக்குத் தோ காயலின் மறுமுனைக்கு அப்பால் உள்ள ஃப்ரோன்தினியான் ஊரின் இனிப்பு முஸ்கா ஒயின் இருக்கிறது. கடுங்காரமும் சிக்கல்தான், மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் குறைக்காது, கூட்டும்.

வாங்குவதும் பரிமாறுவதும்

வாங்கும்போது பார்க்க வேண்டியது அறுவடை ஆண்டு. சாதாரணப் புட்டிகளை அறுவடையிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டும். நாள்பட வைத்தால் எலுமிச்சை மணம் மங்கி, ஒயின் வெறும் புளிப்பாக எஞ்சும். திருகுமூடி இருந்தால் மலிவு என்று நினைக்கத் தேவையில்லை. புதுமையைக் காக்க அதுவே தக்கையைவிட ஏற்றது. முகப்பில் பிக்பூல் என்று மட்டும் இருந்து பினே இல்லையென்றால், அது அதே திராட்சையில் இருந்து லாங்குதொக்கின் வேறு பகுதியிலோ, கலிபோர்னியாவிலோ டெக்சாஸிலோ ஆக்கப்பட்டதாக இருக்கலாம். அவை மோசமானவை அல்ல, ஆனால் இந்த ஆறு ஊர்களின் விதிகளுக்கு உட்பட்டவை அல்ல. பிரான்ஸின் தென்மேற்கில் கஸ்கோன் பகுதியில் பிக்பூல் என்ற பெயர் வேறொரு திராட்சையையும் குறிக்கும். ஆர்மன்யாக் பிராந்திக்குப் பயன்படும் ஃபோல் பிளான்ஷ் அது. இரண்டையும் ஒன்றாகக் கருத வேண்டாம்.

பரிமாற ஏற்ற வெப்பநிலை 8 முதல் 10 டிகிரி செல்சியஸ். குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் போதும்; அவசரமென்றால் தண்ணீரும் பனிக்கட்டியும் கலந்த வாளியில் இருபது நிமிடம். வெறும் பனிக்கட்டியைவிடத் தண்ணீர் கலந்தது விரைவில் குளிர்விக்கும், ஏனெனில் புட்டியின் எல்லாப் பக்கமும் குளிர் தொடும். அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் மணம் அடங்கிப் புளிப்பு மட்டுமே தெரியும். 12.5 விழுக்காடு உள்ள ஒயினின் 125 மில்லிலிட்டர் கிண்ணத்தில் ஏறத்தாழ 12 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. எளிதாக இறங்கும் ஒயின் என்பதால் இந்தக் கணக்கை நினைவில் வைப்பது நல்லது.

திறந்த புட்டியை மூடிக் குளிரில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். அதற்கு மேலும் மிஞ்சியதைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம். அகன்ற பாத்திரத்தில் எண்ணெயோ வெண்ணெயோ விட்டு, சிறு வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, கழுவிச் சுத்தம் செய்த மட்டிகளைக் கொட்டி, ஒரு கிண்ணம் பிக்பூலை ஊற்றி மூடிவிட்டால், சில நிமிடங்களில் மட்டிகள் வாய் திறக்கும். திறக்காதவற்றை ஒதுக்கிவிட வேண்டும். கடைசியில் பார்ஸ்லி இலையைத் தூவலாம். உப்பு சேர்க்க வேண்டியதில்லை, மட்டியின் நீரிலேயே போதுமான உப்பு இருக்கும்.